முகத்துக்கு ஒரு ஜன்னல் போதும்

“உங்கள் முகத்தை நீங்களே, உங்கள் போனிலேயே, கறுப்பு வெள்ளையில் எடுத்து அனுப்புங்கள்” என்று போன இதழில் கேட்டிருந்தேன். படங்களைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. திருவல்லிக்கேணியில் ஸ்டுடியோ வைத்து, அடுத்தவர் முகத்தை எடுத்தே பிழைத்தவன் நான். அதனால் கேள்விகளை முதலில் பார்த்துவிடுவோம். “எப்படி இருக்கிறது சார்?” என்று படத்தோடு கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.

● கல்லூரி மாணவி, குரோம்பேட்டை: ஹாலில் உட்கார்ந்து எடுத்து, போனில் இருக்கும் மோனோ ஃபில்டரைப் போட்டேன் சார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி வந்திருக்கிறது. அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஃபில்டர் சரியில்லையா, போன் சரியில்லையா?

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஹால்தான் சரியில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கருவிழிக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு டியூப் லைட். சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, தரையில் வெள்ளை டைல்ஸ். வெளிச்சம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பி, முகத்தில் இருந்த நிழலை முழுக்கத் துடைத்துவிட்டது. கலர்ப் படமாக இருந்தால் தப்பித்திருப்பீர்கள். உதடு, பொட்டு, சுடிதார் என்று நிறங்களே ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டிவிடும். நிறத்தை எடுத்தபிறகு மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும்தான். நிழலும் இல்லையென்றால் ஜெராக்ஸ்தான்.

பகல் பத்து மணி வாக்கில் ஹாலில் எல்லா விளக்கையும் அணையுங்கள். டி.வி.யையும்தான். நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு, மற்றவற்றுக்குத் திரையை இழுத்துவிடுங்கள். அந்த ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, கையை முஷ்டியாக மடக்கி முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள். விரல் முட்டிகளில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அப்படியே உடம்போடு மெதுவாகத் திரும்புங்கள். ஜன்னலைப் பார்த்து நின்றால் முட்டிகள் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். திரும்பத் திரும்ப நடுவில் உள்ள பள்ளங்கள் எழுந்துவரும். முழுக்கப் பக்கவாட்டில் திரும்பினால் பாதி முஷ்டி காணாமல் போய்விடும். பள்ளமும் மேடும் நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். முஷ்டிக்கு எப்படி வெளிச்சம் விழுகிறதோ அப்படித்தான் மூக்குக்கும் கன்னத்துக்கும் விழும். ஸ்டுடியோவில் யாரையும் உட்காரவைப்பதற்கு முன்னால் நான் செய்கிற முதல் வேலை இதுதான்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், ஜன்னலுக்கு எட்டத்தில் உள்ள கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே முக்கோணமாகச் சின்னத் துண்டு வெளிச்சம் விழுந்திருந்தால் அதை ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்போம். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஓவியர். வாலிபத்திலிருந்து வயோதிகம் வரைக்கும் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தவர். சம்பளம் கேட்காத மாடல் வேறு யார் கிடைப்பார்கள்?

நிழல் பக்கம் ரொம்ப இருண்டு காது காணாமல் போனால், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முதுகில் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள். தெர்மாகோல் அட்டை இருந்தால் இன்னும் நல்லது. கிட்டே இழுத்தால் நிழல் இளகும், தள்ளி வைத்தால் இறுகும். எனக்கு அது இல்லாமலிருப்பதே பிடிக்கும். ஆனால் முதல் படத்துக்கு வையுங்கள், வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் இருப்பார்கள். முடிந்ததும் அதே இடத்தில் அண்ணனையும் நிறுத்தி ஒன்று எடுத்துக் கொடுங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

● ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மந்தைவெளி: போர்ட்ரெய்ட்டுக்கு வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்று படித்தேன். நம்மூருக்கும் அது பொருந்துமா?

பாதி வருஷத்துக்குப் பொருந்தும். அது ஐரோப்பாவில் உருவான விதி. அங்கே வடக்கு ஜன்னலுக்குள் வெயில் அநேகமாக வரவே வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் நேராக நம் மண்டைக்கு மேலே நிற்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கும். அந்த மாதங்களில், காலையிலும் சாயங்காலத்திலும் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் சாய்வாக எட்டிப்பார்ப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அந்தத் தொல்லை கிடையாது. மே, ஜூனில் மத்தியான நேரத்துக்குத் தெற்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம் மூடிய நாள் கிடைத்தால் திசை பற்றிய கவலையே வேண்டாம். வானம் முழுக்க ஒரே விளக்கு. எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு ரோஸ் கலர் அடித்து வைத்திருக்கிறாரே, அது முகத்தில் பிரதிபலிக்குமே என்றும் கவலைப்பட வேண்டாம். கலர்ப் படத்தில் அது பெரிய தலைவலி. கறுப்பு வெள்ளையில் அந்தச் சுவர் உங்களுக்கு இலவச ரிஃப்ளெக்டர்.

● ஐ.டி.ஐ. மாணவர், எண்ணூர்: நான் நல்ல கறுப்பு அண்ணா. கறுப்பு வெள்ளையில் இன்னும் கறுப்பாகத் தெரிகிறேன். பிரைட்னஸை ஏற்றினால் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு இது சரிவராதா?

தம்பி, இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே நான் பதில் சொல்ல ஆசைப்பட்டது இதற்குத்தான். உங்களுக்குச் சரிவருகிற மாதிரி வேறு யாருக்கும் சரிவராது.

முதலில் போன் என்ன செய்கிறது என்று பாருங்கள். கேமராவின் எக்ஸ்போஷர் கணக்கு, அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே வாங்குவது என்ற கணக்கு, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது ஃபிலிம் காலத்து அளவுகோல். நீங்கள் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால், “அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்” என்று போன் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். உங்கள் முகம் அதற்குள் முழுகிப்போகும். இருட்டுப் பின்னணியில் நின்றால் நேர்மாறாக எல்லாவற்றையும் தூக்கிவிடும். போதாததற்கு இப்போது வரும் போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து, கேட்காமலே வெளுப்பாக்குகின்றன. நீங்கள் சொன்ன சாம்பல் அங்கிருந்துதான் வருகிறது. கேமரா அமைப்பில் ‘பியூட்டி’ என்று ஒன்று இருக்கும். பல போன்களில் கடையிலிருந்து வரும்போதே அது போடப்பட்டிருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இது முதல் வேலை.

அடுத்தது வெளிச்சம். சிவந்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழல். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது மினுமினுப்பு. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, மேலுதட்டின் வரம்பு, தாடை ஓரம் இங்கெல்லாம் வெளிச்சம் பட்டு வழுக்கிக்கொண்டு போகும். அந்த மினுமினுப்பு அகலமாக, மென்மையாக விழ வேண்டும். அதற்குப் பெரிய ஜன்னல் வேண்டும், நீங்களும் அதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்க வேண்டும். பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் புள்ளி புள்ளியாக வெள்ளை தெறிக்கும், மற்ற இடம் இருண்டு கிடக்கும். எண்ணூரில் நீங்கள் இருக்கும் வீட்டில் பெரிய ஜன்னல் இல்லாவிட்டால் வாசல் கதவைத் திறந்துவைத்து, வாசற்படிக்கு ஓரடி உள்ளே நில்லுங்கள். கதவைவிடப் பெரிய ஜன்னல் ஏது?

பவுடர் போடாதீர்கள். போட்டால் மினுமினுப்பு செத்துவிடும். முகம் கழுவித் துடைத்த கையோடு, உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து லேசாக ஒத்திக்கொண்டால் போதும். பின்னணி நடுத்தரச் சாம்பலாக, அதாவது பூசாத சிமென்ட் சுவர் மாதிரி இருப்பது நல்லது. முகமும் தனித்துத் தெரியும், போனும் குழம்பாது. இப்போது திரையில் உங்கள் கன்னத்தின் மினுங்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் அங்கே பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளும் புரோ மோட் இருந்தால் மைனஸ் 0.3, மைனஸ் 0.7 என்று எண்ணே காட்டும். மினுமினுப்பு வெளுத்துப்போகாமல், அதற்குள்ளும் தோலின் துளை தெரியும் வரை இறக்குங்கள். அதற்குமேல் இறக்க வேண்டாம்.

எங்கள் காலத்து ஸ்டுடியோக்களில் ‘டச்சிங்’ என்று ஒரு கலை இருந்தது. சீவிச் சீவி ஊசியாக்கிய பென்சிலால் நெகட்டிவ் மேலே கோடுகோடாகப் போடுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரின்டில் வெளுப்பாக வரும். கல்யாணப் பெண் படங்களுக்கு அதற்குத் தனிக் கூலி. இன்றைக்கு அந்தப் பென்சிலைத்தான் போனுக்குள் போட்டு விற்கிறார்கள். நீங்கள் அதை வாங்கவேண்டிய அவசியமில்லை, தம்பி. கறுப்புக்கும் அடர் சாம்பலுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று காட்ட உங்கள் முகத்தால்தான் முடியும்.

● குமாஸ்தா, பெரம்பூர்: இப்படி எடுத்த படத்தைப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கலாமா?

வாங்க மாட்டார்கள். அதற்குக் கலர்தான், வெள்ளைப் பின்னணிதான். ரெம்ப்ராண்டே வந்தாலும் அதுதான்.

● இல்லத்தரசி, மயிலாப்பூர்: 1930களில் எடுத்த என் கொள்ளுப்பாட்டி படத்தில் குங்குமம் கன்னங்கரேலென்று இருக்கிறது. நான் என்னை எடுத்தால் என் குங்குமம் வெளிறிச் சாம்பலாகிறது. பாட்டி சாந்து வைத்திருந்தாரோ?

சாந்தாகவும் இருக்கலாம். ஆனால் குங்குமமாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். அந்தக் கால ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளையும் ஃபிலிமையும் பயன்படுத்தினார்கள். அதற்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவாக இருந்தாலும் அதற்கு இருட்டுதான். குங்குமம் கறுப்பு, வெற்றிலை போட்ட உதடு கறுப்பு, அரக்குப் புடவை கறுப்பு. நம் தோலிலும் சிவப்புச் சாயல் உண்டல்லவா, அதனால் முகமும் நிஜத்தைவிட ஒரு படி கறுத்தே வரும். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் நம் முன்னோர்கள் எல்லாம் நம்மைவிடக் கறுப்பாகத் தெரிவதற்கு வெயிலில் உழைத்தது மட்டும் காரணமில்லை. டார்க் ரூமில் நாங்கள் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு நிம்மதியாக வேலை செய்ததும் இதே குணத்தால்தான். பிரின்ட் பேப்பருக்குச் சிவப்பு கண்ணில் படாது.

பிறகு எல்லா நிறமும் தெரிந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்து குங்குமம் சாம்பலாகிவிட்டது. உங்கள் போனும் அந்த வகைதான்.

பாட்டியின் குங்குமம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கலரில் எடுங்கள். ஸ்னாப்சீட் என்று கூகுளின் இலவச ஆப் இருக்கிறது. அதில் பிளாக் அண்ட் ஒயிட் என்ற பகுதிக்குள் போனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கலர் ஃபில்டர்கள் இருக்கும். ஃபில்டரின் நிறம் எதுவோ அந்த நிறப் பொருள் வெளுக்கும், எதிர் நிறம் கறுக்கும். நீலத்தைத் தொட்டுப் பாருங்கள், குங்குமம் மை மாதிரி இறங்கும். பச்சையும் ஓரளவு அதையே செய்யும். சிவப்பைத் தொட்டால் குங்குமம் இருந்த இடமே தெரியாது. ஒரு எச்சரிக்கை: நீலம் போட்டால் பருத்தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் கூடவே எழுந்து வரும். பச்சையில் நிறுத்திக்கொள்வது நடுவாந்திரமான ஏற்பாடு.

புடவை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரக்கு உடம்பு, பச்சை பார்டர் பட்டுப்புடவை நேரில் கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி பார்டரே இல்லாத புடவையாகிவிடலாம். சந்தன நிறத்தில் அரக்கு பார்டர் என்றால் தப்பாது.

● தொழிற்சாலைப் பணியாளர், அம்பத்தூர்: என் மூக்கு இவ்வளவு பெரிது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இப்போதும் உங்களுக்குத் தெரியாது. கையை நீட்டி எடுத்த படத்தை வைத்து மூக்கை எடை போடாதீர்கள். போனுக்கும் மூக்கு நுனிக்கும் ஒன்றரை அடி இருக்கும். காது அதற்கு நாலைந்து அங்குலம் பின்னால். அவ்வளவு கிட்டத்தில் அந்த நாலைந்து அங்குலம் பெரிய வித்தியாசம், மூக்கு வீங்கும், காது சுருங்கும். போனை ஐந்தடி தள்ளி வைத்தால் அதே நாலைந்து அங்குலம் ஒன்றுமேயில்லை.

எனவே போனை அலமாரியில் கண் மட்டத்துக்கு வையுங்கள். ஸ்டாண்ட் வேண்டுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் குட்டி டிரைபாட் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவில் செருகுங்கள். பின்பக்க கேமராதான், அதில் 2 எக்ஸ் ஜூம். முன்பக்க கேமராவைவிடப் பின்பக்கத்தில் வெளிச்சத்தைப் பதியும் சென்சார் பெரிது, சாம்பல் படிகள் நன்றாக வரும். “பின்பக்க கேமரா என்றால் என்னையே நான் எப்படிப் பார்ப்பது?” என்பீர்கள். பார்க்க வேண்டாம் என்பதுதான் அதில் உள்ள நல்ல விஷயம். தன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதன், தன் முகத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பான். ரொம்பத் தேவையென்றால் போனுக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டுங்கள், திரை அதில் தெரியும்.

ஃபோகஸுக்கு ஒரு வழி: நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் தலையணைகளை அடுக்கி, மேல் தலையணையில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி எழுதிய காகிதத்தைக் குத்துங்கள். திரையில் அந்தக் குறியை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். டைமர் 10 விநாடி. ஸ்டூலை எடுத்துவிட்டு அதே இடத்தில் போய் நில்லுங்கள். சில போன்களில் உள்ளங்கையைக் காட்டினாலே எடுக்கும், சிலவற்றில் வாயால் சொன்னால் எடுக்கும். புளூடூத் ரிமோட்டும் மலிவுதான். பார்வை லென்ஸில். பின்பக்கம் மூன்று நான்கு லென்ஸ் இருக்கும்போது எது வேலை செய்கிறது என்று சந்தேகம் வந்தால், ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள், திரை இருளும்.

● ஆசிரியை, மடிப்பாக்கம்: படத்தில் என் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. நான் மார்வாடி கட்டு கட்டவில்லையே?

முன்பக்க கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டும். சில போன்கள் அப்படியே சேமித்தும் வைக்கும். கேமரா அமைப்பில் ‘மிரர்’ என்றோ, ‘முன்னோட்டத்தில் தெரிந்தபடியே செல்ஃபியைச் சேமி’ என்ற பொருளிலோ ஒரு பொத்தான் இருக்கும், அணைத்துவிடுங்கள். அணைத்தபின் வரும் முகம் உங்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். மூக்குத்தி இடம் மாறின மாதிரி, வகிடு தப்பின மாதிரி. வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் தினமும் பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

● பொறியாளர், சிறுசேரி: போனிலேயே மோனோவில் எடுப்பதா, கலரில் எடுத்து மாற்றுவதா? தொழில்நுட்பமாகச் சொன்னாலும் பரவாயில்லை.

கலரில் எடுத்து மாற்றுங்கள். சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக வடிகட்டிகள் பதித்திருக்கின்றன. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உங்கள் போன் மோனோவில் எடுத்தாலும் அடியில் நடப்பது கலர்தான். எடுத்துவிட்டு நிறத்தைத் தூக்கி எறிகிறது. அந்த நிறம் கையில் இருந்தால்தான் மயிலாப்பூர் அம்மாவுக்குச் சொன்ன குங்கும வித்தையைச் செய்ய முடியும். விதிவிலக்கும் உண்டு. 2016இல் வந்த ஹுவாவே பி9 போனில் வடிகட்டியே இல்லாத தனிக் கறுப்பு வெள்ளை சென்சார் ஒன்று இருந்தது.

ஆனால் திரையில் மோனோ ஃபில்டரைப் போட்டுக்கொண்டு ஃபிரேம் பாருங்கள். ஐபோனில் அப்படி எடுத்தாலும் பிற்பாடு ஃபில்டரைக் கழற்றிக் கலருக்குத் திரும்பலாம். வேறு போன்களில் முதலில் ஒரு படம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். போன் மெருகேற்றாத மூலப் படமான ரா ஃபைல் எடுக்க வசதி இருந்தால் அதையும் வையுங்கள். ஆப் மாற்றி ஆப் மாற்றி ஒரு சாயங்காலத்தை வீணடிக்காதீர்கள், ஜன்னல் காத்திருக்காது.

● பள்ளி மாணவன், சைதாப்பேட்டை: முதன்முதலில் தன்னையே போட்டோ எடுத்துக்கொண்டவர் யார்?

நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழைய படங்களில் ஒன்று, அமெரிக்காவில் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ராபர்ட் கார்னீலியஸ் 1839இல் எடுத்தது. குடும்பக் கடைக்கு வெளியே கேமராவை வைத்து, தானே அதன் முன்னால் போய் நின்றார். நடுவில்கூட நிற்கவில்லை, ஓரமாக. தலைமுடி கலைந்து கிடக்கிறது, கை மார்புக்குக் குறுக்கே. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் போட்டால் யாரும் பழைய படம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வருஷமே பிரான்ஸில் ஹிப்போலைட் பயார் என்பவர் தன்னையே செத்த பிணமாக எடுத்துக்கொண்டார். போட்டோ எடுக்கும் முறையை அவரும் கண்டுபிடித்திருந்தார். ஆனால் பெயரும் பணமும், அதே காலத்தில் வேறொரு முறையைக் கண்டுபிடித்த டாகேருக்குப் போனது. கோபத்தில், தண்ணீரில் விழுந்து செத்தவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து படம் பிடித்து, பின்னால் புகாரையும் எழுதி வைத்தார். கோபித்துக்கொண்டு செல்ஃபி போடுவது நம் கண்டுபிடிப்பில்லை.

● பி.பி.ஓ. ஊழியர், பெருங்குடி: இரவு ஷிஃப்ட். எனக்கு ஜன்னல் வெளிச்சமே கிடையாது. எல்.இ.டி.யில் எடுத்தால் முகத்தில் வரிவரியாகப் பட்டைகள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்.இ.டி. விநாடிக்கு 100 தடவை துடிக்கும். புரோ மோடில் ஷட்டரை, அதாவது படம் பதிவாகும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள், பட்டை போய்விடும். போகாவிட்டால் பல்பை மாற்றுங்கள். ஒரே ஒரு மேஜை விளக்கு, முகத்துக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் உயரே, முன்னால் சமையலறை பட்டர் பேப்பரை விளக்கில் ஒட்டாமல் தள்ளித் தொங்கவிட்டு. பின்னணிக்கு வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டவர் இருந்தால் அவருடைய கறுப்பு வேட்டி. மண்டலம் முடிந்தபிறகு கேட்டு வாங்குங்கள்.

● வாசகி, வயது 67, அண்ணா நகர்: சுருக்கம் தெரியாமல் எடுக்க வழி சொல்லுங்கள்.

ஜன்னலுக்கு நேராக முகத்தைத் திருப்பி உட்காருங்கள். மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், தாடைக்குக் கீழே நிழல் குறையும். பிறகு ஸ்னாப்சீட்டில் ஆரஞ்சு ஃபில்டர். பாதிச் சுருக்கம் போய்விடும்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காததையும் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், பால்கனிக் கதவோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில், தவறுதலாக எடுபட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, கண்ணோரக் கோடுகள் எல்லாம் தெரிகிற படம், அதைத்தான் அடுத்த இதழில் போட அனுமதி கேட்கிறேன்.

● குறும்பட இயக்குநர், வடபழனி: பழைய ஃபிலிம் படத்தில் வரும் அந்தப் பொரிப்பொரியான கிரெய்ன் எப்படிக் கொண்டுவருவது?

ஸ்னாப்சீட்டில் ‘கிரெய்னி ஃபிலிம்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. கொஞ்சமாக, மற்ற வேலையெல்லாம் முடித்த பிறகு. நிஜ கிரெய்ன் என்பது ஃபிலிமைக் கழுவியபின் மிஞ்சும் வெள்ளித் துகள் கூட்டம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, நடுச் சாம்பலில்தான் கண்ணுக்கு அதிகம் படும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை இருந்தது. 1960இல் தொடங்கினார்கள். ‘இந்து’ என்ற பெயரில் அவர்கள் செய்த கறுப்பு வெள்ளை ஃபிலிமில்தான் எங்கள் தலைமுறை தொழில் கற்றது. ஆலையை மூடியாயிற்று. அந்த கிரெய்னை எந்த ஆப்பும் எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள், எனவே சொல்லவில்லை.

● தையற்கடை உரிமையாளர், வண்ணாரப்பேட்டை: எடுத்துவிட்டேன், நன்றாகவும் வந்திருக்கிறது. பிரின்ட் போட்டால் லேசாகப் பச்சையடிக்கிறது, இருட்டாகவும் இருக்கிறது.

சாதாரண லேப்களில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் பேப்பரிலேயே போடுவார்கள். மிஷினின் கலர் கொஞ்சம் தப்பினாலும் பச்சையோ ரோஸோ எட்டிப்பார்க்கும். கலர்ப் படத்தில் அது கண்ணில் படாது, இதில் பளிச்சென்று தெரியும். இரண்டு வழி. ஒன்று, நிறத்துகள் கலந்த பிக்மென்ட் இங்க்கில், பளபளக்காத மேட் பேப்பரில் போடும் இடத்தைத் தேடிப் போவது. செலவு அதிகம், ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்கும். இரண்டு, அதே லேபில் முதலில் 4க்கு 6 அளவில் ஒரு சோதனை பிரின்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் கடை வாசலில் வைத்துப் பார்த்து, திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு பெரிது போடுவது.

இருட்டாக வருவதற்குக் காரணம் வேறு. போன் திரை பின்னாலிருந்து ஒளி வீசுகிறது, காகிதம் வீசாது. திரையின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பாருங்கள். அப்போது நிழலுக்குள் சட்டைக் காலர் தெரிந்தால் பிரின்டிலும் தெரியும். அளவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டாலும் 13க்கு 10 அங்குலம் தாராளமாக வரும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

கவுன்ட்டரில் இருக்கும் பையன், “முகத்தைக் கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிடட்டா சார்?” என்று நல்லெண்ணத்தோடு கேட்பான். வேண்டாம் என்று பணம் கட்டும்போதே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்கிவிடுங்கள். சொல்லாவிட்டால் கேட்காமலே செய்துவிடுவான்.